வான்தீவுக்கு கான்கிரீட் தேவையா?

பாளைக்காரன்:
தூத்துக்குடிக் கடலில் வான்தீவைக் காப்பாற்ற கான்கிரீட் பெட்டிகளை இறக்கினார்கள். இப்போது காரைச்சல்லித் தீவுக்கும் அதே திட்டமாம். 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த வான்தீவு, 2015இல் கடல் வற்றிக் கிடக்கும்போதே 2 ஹெக்டேர் சொச்சம்தான். கடல் ஏறினால் இன்னும் கம்மி. அங்கே குடியிருப்பு கிடையாது. கடல்மட்டம் உயர்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் ஒரு மணல்திட்டுக்காக அதோடு மல்லுக்கட்டுவானேன்? அந்தக் காசில் தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தடுக்கலாம்.

திரேஸ்புரத்தான்:
அண்ணாச்சி, ஆள் இல்லாத இடமெல்லாம் வீண் என்றால் பொதிகை மலையையும் விட்டுவிட வேண்டியதுதான். ஊருக்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் இந்தத் தீவும் பாரும் (கடலடிப் பாறையும்) கிடப்பதால்தான் அலை கரைக்கு வரும்போது பாதி பலத்தோடு வருகிறது. 2004 சுனாமியில் தப்பினோமே, மறந்துவிட்டதா?

பாளைக்காரன்:
சுனாமியில் தூத்துக்குடியை முதலில் மறைத்தது இலங்கை. அதற்கான பேரை இரண்டு ஹெக்டேர் மணலுக்குக் கொடுக்காதீர்கள். சரி, வேறொன்று கேட்கிறேன். அந்தத் தீவைத் தின்றது யார்? வல்லத்தில் (நாட்டுப்படகில்) போய்க் கடப்பாரையால் பவளப்பாறையைப் பெயர்த்தவர்கள் உங்கள் கரைக்காரர்கள்தானே?

திரேஸ்புரத்தான்:
ஆமாம், உடைத்தார்கள். கூலிக்கு உடைத்தார்கள். வாங்கியது யார்?

கீழூர் அக்கா:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது காரை உதிர்ந்த சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். செங்கலுக்கு நடுவே வெள்ளைக் கற்கள். ஒன்றில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி, இன்னொன்றில் மூளை மாதிரி நெளிநெளியாக வரி. எல்லாம் பவளக்கல். பூச்சுக்குச் சுண்ணாம்பும் அதையே காளவாசலில் சுட்டு எடுத்ததுதான். அப்புறம் ஆலைகளுக்கும் போனது. கட்டியவனும் விற்றவனும் ஊருக்குள் இருக்க, பழி மட்டும் வல்லக்காரன் தலையில். பவளத்தை எடுக்கக்கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்ததே 2001இல்தான். அதற்குள் பக்கத்து விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று இன்னமும் எழுதுகிறார்கள், எண்ணிப் பார்த்தால் இருக்காது.

பாளைக்காரன்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் யார் தின்றார்கள் என்பது தெரிந்துவிட்டதால் கான்கிரீட் சரி என்று ஆகிவிடாது. நம் கரையில் கல்லைக் கொட்டிய இடங்களில், அடுத்த ஊர்க் கரை அரிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

கடலாய்வு மாணவன்:
கரையில் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவையும் இதையும் ஒன்றாக்காதீர்கள் சார். வளைவு கரையை ஒட்டி நின்று மணல் ஓட்டத்தை மறிக்கும். இது தீவுக்கு வெளியே கடலடியில் தனித்தனியாக நிற்பது. அடி அகன்று மேல் குறுகிய பெட்டி, பக்கமெல்லாம் ஓட்டை. தண்ணீர் உள்ளே புகுந்து போகும், அலையின் வேகம் மட்டும் குறையும். பாறை இருந்தபோது செய்த வேலை அதுதான். வான்தீவில் 2015இல் இறக்கத் தொடங்கினார்கள், அதற்கப்புறம் மணல் சேர்ந்து பரப்பு கூடியிருக்கிறது. பெட்டி மேல் பவளமும் ஒட்டி வளர்கிறது.

பாளைக்காரன்:
2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துச் செத்ததே, பெட்டியில் ஒட்டிய பவளத்துக்கு மட்டும் வெயில் உறைக்காதா தம்பி?

கடலாய்வு மாணவன்:
உறைக்கும். பவளம் செத்தாலும் பெட்டி நிற்கும், அலையைத் தடுக்கும். வெளுத்ததெல்லாம் செத்துவிடுவதும் இல்லை, சூடு தணிந்தால் ஒரு பங்கு தேறும். உட்கார இடமே இல்லாவிட்டால் புதுக்குஞ்சு எங்கே ஒட்டும்?

கீழூர் அக்கா:
பாளைக்காரருக்கு ஒரு பழைய கதை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கர் ஆட்களோடு தகராறு முற்றியபோது, தூத்துக்குடிப் பரதவர்கள் பாதிரிமாரோடு முயல்தீவுக்குக் குடிபெயர்ந்து சில வருடம் அங்கேயே இருந்தார்கள். இன்று துறைமுகம் நிற்கும் பக்கம்தான் அது. ஆளில்லாத தீவு எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பாளைக்காரன்:
முயல்தீவில் ஊரே ஒதுங்க இடம் இருந்தது. வான்தீவில் ஒரு கல்யாணப் பந்தல் போடலாம். அதுவும் வனத்துறை விட்டால்!

திரேஸ்புரத்தான்:
அங்கேதான் எனக்கும் கோபம். தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவானதிலிருந்து நாங்கள் அங்கே இறங்கினால் குற்றம். பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரைச்சல்லியில் இறக்கும்போது வல்லம் போகும் தடத்தையும் வலை விரிக்கும் இடத்தையும் எங்களிடம் கேட்டு ஒதுக்கட்டும். பெட்டியில் மாட்டினால் கிழிவது எங்கள் வலை.

பாளைக்காரன்:
இதில் நான் உங்கள் பக்கம். காசு விஷயத்தில் இல்லை.

திரேஸ்புரத்தான்:
காசு எப்படியும் உங்கள் ஆற்றுக்கு வரப்போவதில்லை அண்ணாச்சி. வான்தீவுக்குச் செலவழித்ததே பருவநிலை மாற்றத்துக்கென்று ஒதுக்கிய நிதி.