டைடஸா, டீடஸா? தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம். கும்பகோணத்தில் நானும் தம்பியும் 'ஃபைனல் ஃபேன்டஸி 10' என்ற வீடியோ விளையாட்டின் கதையைத் தமிழில் எழுதுகிறோம். நாயகன் பெயரிலேயே நின்றுவிட்டோம். நான் டைடஸ் என்கிறேன், அவன் டீடஸ் என்கிறான்.

2001இல் வந்த அந்த விளையாட்டில் நாயகனுக்கு நாமே பெயர் வைக்கலாம். அதனால் குரல் கொடுத்தவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை! ஜப்பானியத்தில் அவன் டீடா. ஜப்பானின் ஒகினாவா தீவு மொழியில் அதற்குச் சூரியன் என்று பொருள். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இத்தனை வருடம் நாக்கில் பழகியதை விட மனம் வரவில்லை.

ஆங்கில எழுத்தில் Tidus என்பதை ஆளுக்கொரு மாதிரி படிக்கலாம். தமிழில் 'டை'யா 'டீ'யா என்று முடிவு செய்தாக வேண்டுமே.

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இதை விளையாடியவர்கள் எப்படிச் சொல்வீர்கள்? பேசாமல் டீடா என்றே எழுதிவிடலாமா? காரணத்தோடு சொல்லுங்கள்.