எக்செல்லில் சம் (கூட்டல்) போட்டால் 0 வருகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கை நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றுகிறோம். பி2 முதல் பி16 வரை "200 ரூ" என்று ஏற்றியாயிற்று, பி17-இல் சம் ஃபார்முலா போட்டால் 0 தான் வருகிறது.

பதில்:
அக்கா, தொகையோடு "ரூ" சேர்ந்திருப்பதுதான் காரணம். எழுத்து கலந்தால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, சம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். பாருங்கள், தொகை கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்; எண்ணாக இருந்தால் தானாகவே வலப்பக்கம் போயிருக்கும். அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எச் அழுத்தி, மேல் பெட்டியில் முன்னால் ஓர் இடைவெளி விட்டு "ரூ" என அடித்து, கீழ்ப் பெட்டியைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். ரூபாய்க் குறி வேண்டுமென்றால் ஃபார்மட் செல்ஸில் கரன்சி.

கேள்வி கேட்டவர்:
கூட்டுத்தொகை வந்துவிட்டது, ரொம்ப நன்றி! அப்புறம் கடன் வட்டிக்கு ஒரு ஃபார்முலா போட்டேன். முதல் வரியில் சரி, கீழே இழுத்தால் எல்லாம் 0.

இன்னொரு பதில்:
வட்டி விகிதம் எச்1-இல் இருக்கிறதா? இழுக்கும்போது அது எச்2, எச்3 என்று நகரும், அங்கே ஒன்றும் இல்லை. கடன் தொகை சி2-இல் இருந்தால் =சி2*$எச்$1 என்று எழுதுங்கள், டாலர் குறி போட்டால் நகராது. ஃபார்முலாவில் எச்1 மேல் கர்சரை வைத்து எஃப்4 தட்டினாலே போதும்.