பெயர் மாற்றப் போய் கிட் இண்டெக்ஸைக் கெடுத்த கதை

ப்ராஜெக்டின் பெயர் மாறிவிட்டது. பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புதியதைப் போட வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று ஏழு அடுக்கு. எடிட்டரில் ஒவ்வொன்றாகத் திறக்கப் பொறுமை இல்லை. டெர்மினலில், கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் (find) கொடுத்து, அது எடுத்துத் தந்த கோப்புகளை எல்லாம், கோப்பிலேயே மாற்றி எழுதும் மைனஸ் ஐ (-i) போட்டு, சொல்லைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையிடம் அப்படியே தள்ளினேன். திரையில் ஒரு எழுத்து வரவில்லை. செட் அப்படித்தான், வேலை முடிந்தாலும் வாயைத் திறக்காது.

சரி, என்னதான் மாறியிருக்கிறது என்று, கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில் (git) ஸ்டேட்டஸ் அடித்தால், அதன் கோப்புப் பட்டியலான இண்டெக்ஸ் கோப்பே கெட்டுவிட்டது என்கிறது.

பெயரின் கடைசியில் வரும் நீட்டிப்பு (.css மாதிரி) எதையும் குறிப்பிடாமல் விட்டதுதான் தப்பு. புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களை ஃபைண்ட் தானாக ஒதுக்காது. கிட்டின் உள்ளறையான .git ஃபோல்டருக்கும் போயிருக்கிறது. இண்டெக்ஸில் ஒவ்வொரு கோப்பின் பாதையும் எழுதியிருக்கும். பழைய பெயரில் ஒரு ஃபோல்டரும் இருந்ததால் செட் அங்கேயும் கைவைத்துவிட்டது. இண்டெக்ஸின் கடைசியில், உள்ளடக்கம் மாறவில்லையா என்று சரிபார்க்கும் செக்சம் எண் ஒன்று உண்டு. உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது ஒத்துவராது. நல்லவேளை, அந்தக் கோப்பை அழித்துவிட்டு கிட் ரீசெட் கொடுத்ததும் புதிதாக உருவாகிக்கொண்டது. பதற்றத்தில் ரீசெட்டோடு ஹார்ட் (--hard) சேர்த்திருந்தால் செய்த மாற்றமும் போயிருக்கும்.

இப்போதெல்லாம், சொல்லைத் தேடும் கிட் கிரெப்பில் (git grep) மைனஸ் எல் (-l) போட்டுப் பட்டியல் எடுக்கிறேன். கிட் கணக்கில் உள்ள கோப்புகளில், அந்தச் சொல் இருப்பவை மட்டும் வரும். கண்ணால் பார்த்த பிறகுதான் செட்.

மறுமொழி 1

என்னைக் கவிழ்த்தது ஒரு புள்ளி. 1.2 என்ற பதிப்பு எண்ணை 1.3 ஆக்கச் சொன்னேன். தேடும் சொல்லில் புள்ளி வந்தால், அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் செட்டுக்குச் சம்மதம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பில் 1520 பிக்சல் அகலம் 1.30 பிக்சலாகி, பக்கமே காணாமல் போனது! புள்ளிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போதும், அதைத்தான் மறந்தேன்.

மறுமொழி 2

லினக்ஸில் பழகிய கை. மேக்கிலும் மைனஸ் ஐ, அடுத்து, என்ன மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் மைனஸ் ஈ (-e) என்று அடித்தேன். அங்கே மைனஸ் ஐக்கு அடுத்து வருவதை பேக்கப் பெயரின் வாலாக எடுத்துக்கொள்ளும். மாற்றம் சரியாகவே நடந்தது, ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் மைனஸ் ஈ என்று முடியும் ஒரு நகல். மாற்றியதைவிட அவற்றைப் பொறுக்கி அழித்த நேரம்தான் அதிகம். பேக்கப் வேண்டாம் என்றால் மைனஸ் ஐக்கு அப்புறம் வெறும் மேற்கோள் ஜோடி ஒன்று கொடுக்க வேண்டுமாம்.

மறுமொழி 3

பெயரில் இடைவெளி உள்ள கோப்புகளை யாரும் சொல்லவில்லையே? ஃபைண்ட் தரும் பட்டியலை செட்டிடம் கொண்டுபோகும் எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) ஒரே பெயரை இரண்டாக வெட்டிவிட்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று புலம்பும். வெட்டாமல் இருக்க ஃபைண்டில் பிரிண்ட்0 (-print0), எக்ஸ்ஆர்க்ஸில் மைனஸ் 0 (-0).