பழைய ரோஸ்வுட் மேசையில வெள்ளைத் திட்டு போகமாட்டேங்குது, உதவி பண்ணுங்க

எங்க பாட்டி காலத்து ரோஸ்வுட் மேசை, கடைஞ்ச கால், முழுக்க கைவேலை. மேல்பலகையில உள்ளங்கை அளவுக்கு வெள்ளையா பூத்து நிக்குது, போன மழைக்காலத்துல ஈரம் ஏறி வந்தது. பாலிஷ் அரக்கு தான், அதுல சந்தேகமில்ல, அரக்கு ஸ்பிரிட்ல இளகும்ங்கிறதால அடிப்பக்கம் மறைவான இடத்துல ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வெச்சுப் பாத்தேன், உடனே பிசுபிசுன்னு இளகி பஞ்சுல காவி நிறம் ஏறிடுச்சு.

முதல்ல டர்பன்டைன் போட்டு பழைய மெழுகெல்லாம் எடுத்தாச்சு. அப்புறம் ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டினேன், ஓரம் மட்டும் தெளிஞ்சுது. 0000 ஸ்டீல் வூல்ல (ரொம்ப மெல்லிசான இரும்பு நார்) எண்ணெய் தொட்டு மரத்தோட ரேகை போற பக்கமாவே தேய்ச்சும் நடுவுல அப்படியே இருக்கு. துணியில ஸ்பிரிட் தொட்டும் தொடாம ஒரு ஓட்டு ஓட்டினா அந்த நேரம் மறையுது, காஞ்சதும் திரும்ப பூக்குது. கறுப்பா எங்கயும் இல்ல, அதனால தண்ணி மரம் வரைக்கும் இறங்கலன்னு தான் நினைக்கிறேன். மொத்தமா சுரண்டிட்டு புதுசா பாலிஷ் போட்டுடுங்கன்னு சொல்றாங்க, எனக்கு மனசே வரல, அந்த ஆழமான சிவப்பு இத்தனை வருஷமா ஏறி வந்தது, சுரண்டினா திரும்ப கிடைக்காது.

பழைய பாலிஷை எடுக்காம இந்த வெள்ளையை மட்டும் போக்க என்ன பண்ணணும், செஞ்சு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?