எல்லை தாண்டினால் செட்டாப் பாக்ஸ் ஏன் ஊமையாகிறது?

கொழிஞ்சாம்பாறைவாசி:
வணக்கம். பொள்ளாச்சியில் குடியிருந்த என் அக்கா வீட்டைக் காலி செய்து, கேபிள் பெட்டியையும் பத்திரமாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேரளத்தில் இருக்கும் எங்களோடு வந்து சேர்ந்தார். இங்குள்ள கேபிள்காரரோ அதில் படம் வராது என்று கூறிப் புதுப் பெட்டிக்குப் பணம் கேட்கிறார். இரண்டு ஊர்களிலும் டிஜிட்டல் முறைதானே? கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்ததும் அது பயனற்றுப் போவதற்கு என்ன காரணம்? அரசு இதற்கு விதி எதுவும் வகுக்கவில்லையா?

பழைய மெக்கானிக், சித்தூர்:
ஐயா, குற்றம் மாநில எல்லையுடையதன்று. அடுத்த தெருவிலேயே வேறு ஆபரேட்டரிடம் மாறினாலும் இதே கதிதான். கேபிள் பெட்டிக்கு ஐஎஸ் 15245 என்ற இந்தியத் தரம் உண்டு. கம்பியில் சமிக்ஞை வரும் டிவிபி-சி முறையும் பொதுவானதே. ஆனால் கட்டணம் செலுத்தாதவர் பார்க்க முடியாதபடி சமிக்ஞையைப் பூட்டும் முறையை ஒவ்வொரு நிறுவனமும் தானே தேர்ந்துகொள்கிறது; அந்தப் பூட்டுக்கான சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 2011-இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012 முதல் 2017 மார்ச் வரை நான்கு கட்டங்களாகப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது பூட்டு கட்டாயமாயிற்று, பொதுச் சாவி ஆகவில்லை. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், யுஎஸ்பி வழியே சாவியை மட்டும் தனியாகச் செருகும் டிவிபி சிஐ பிளஸ் 2.0 முறையைப் பரிந்துரைத்தது. பரிந்துரை விதியாகிவிடாது என்பதை உங்கள் அக்காவின் பெட்டியே காட்டுகிறது.

நகரிக்காரன்:
எங்கள் பக்கம் பெட்டியின் இனமே வேறு. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் 2017 டிசம்பரில் மின்கம்பங்கள் வழியே ஒளியிழை கட்டி, தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றையும் மாதம் 149 ரூபாய்க்குத் தருவதாகத் தொடங்கியது. படம் இணைய நெறிமுறையில் வருவதால், பழைய கேபிள் பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இழையால் இணைக்க 2011-இல் ஒப்புதல் பெற்ற பாரத்நெட் நாட்டுக்கே பொதுவான திட்டம்தான். ஆனால் அதன் முதல் இலக்கு ஊராட்சி அலுவலகம். அங்கிருந்து வீடு வரையுள்ள கடைசித் தூரத்தில்தான் ஆந்திராவின் ஃபைபர்நெட், 2023 ஜூனில் வந்த கேரளத்தின் கே-ஃபோன் என்று அவரவர் வழி பிரிகிறது.

மீன்கரை அண்ணாச்சி:
மாதக் கட்டணமே வேண்டாமென்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் தட்டைத் திருப்பினால் பொள்ளாச்சியிலும் இங்கும் ஒன்றுபோலவே கிடைக்கும். படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறையான எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 மட்டும் அறிந்த பழைய பெட்டியில் சில அலைவரிசைகள் தெரியா. தொலைக்காட்சிக்குள்ளேயே செயற்கைக்கோள் டியூனர் பொருத்துவதற்கு 2022-இல் ஐஎஸ் 18112 என்ற தரமும் வந்திருக்கிறது. தனியார் தமிழ்த் தொடர்களை நம்பி மட்டும் தட்டு மாட்டாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைவாசி:
அக்காவுக்கு இரவுத் தொடர் இல்லாமல் முடியாது, ஆகவே கேபிள்தான்.

பழைய மெக்கானிக், சித்தூர்:
அப்படியானால் பழைய பெட்டி வாடகைக்கு எடுத்ததா, விலைக்கு வாங்கியதா என்று ரசீதைப் பாருங்கள். வாடகை என்றால் பொள்ளாச்சியிலேயே திருப்பிக் கொடுத்து, முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.