பழைய சொகுசு செடான் வாங்கப் போகிறோம், வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஐந்தாறு வருடம் ஓடிய நடுத்தர அளவு சொகுசு செடான் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். 2017-ல் வந்த ஜி30 தலைமுறை பிஎம்டபிள்யூ 5 சீரீஸ், டபிள்யூ213 தலைமுறை மெர்சிடிஸ் இ-கிளாஸ், லெக்சஸ் இஎஸ் 300ஹெச், இந்த மூன்றில் ஒன்று.

ஓட்டிப் பார்த்ததில் எனக்கு 5 சீரீஸ்தான் பிடித்தது, ஸ்டீயரிங் அவ்வளவு நேர்த்தி. ஆனால் வாங்கும் விலை குறைந்திருந்தாலும் உதிரிபாகங்களின் விலை புது வண்டிக்கு உள்ளதுதானே, அங்கேதான் பயம். முக்கியமாக கியர்பாக்ஸ் ஆயில்: மாற்றவே தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள், கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நாங்கள் பார்க்கும் வண்டி அந்தக் கட்டத்தை நெருங்கிவிட்டது, சர்வீஸ் பதிவில் மாற்றியதற்கான குறிப்பே இல்லை. இப்போது மாற்றினால் போதுமா, இல்லை அந்த வண்டியையே விட்டுவிடலாமா?

அப்புறம், இ-கிளாஸில் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) உள்ளதைத் தவிர்ப்பது நல்லதா? இரவு முழுக்க நிறுத்திவைத்து காலையில் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதுமா, வேறு சோதனை உண்டா?

வீட்டில் எல்லோரும் லெக்சஸ் பக்கம். 2.5 லிட்டர் ஹைப்ரிட், செலவு குறைவு என்கிறார்கள், சரி. வயதான ஹைப்ரிட் பேட்டரியை எப்படிச் சோதிப்பது, யாரிடம் காட்டுவது? சொந்தமாக வைத்திருப்பவர்கள் வருடப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.