கறுப்பு டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டேன்

லீவு நாட்களில் எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்கு பெயிண்டிங் சொல்லித் தருகிறேன், எல்லாம் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள். இம்ப்ரெஷனிஸம் (கண்ணில் படுகிற வெளிச்சத்தைச் சட்டென்று தீற்றிவிடுகிற 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியப் பாணி) என்றாலே பலரும் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளத்தை பிரின்ட் எடுத்து, இதைப் பார்த்து வரை என்று கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மனுஷன் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற வெளிச்சத்தின் பின்னால் ஓடினவர். 1890-91இல் வைக்கோல் போரை மட்டுமே 25 படம் போல வரைந்திருக்கிறார், பல கேன்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயில் மாற மாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம்.

வைக்கோல் போருக்கு நாங்கள் எங்கே போவது? மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் இருந்தது. காலையில் ஒரு படம், சாயங்காலம் அதே இடத்தில் உட்கார்ந்து இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம்தான். பென்சில், ரப்பர் கிடையாது. அரை இன்ச் தட்டை பிரஷ், தண்ணீர் அதிகம் கலக்காத போஸ்டர் கலர், அதிலும் கறுப்பு டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டேன்.

ஒரு ஏழு வயது வாண்டு உடனே பிடித்துக்கொண்டான். "மிஸ், டேங்கே கறுப்பு. கறுப்பு இல்லாம எப்படி வரையறது?"

நியாயமான கேள்வி. எந்தப் பக்கம் கறுப்பு, நல்லா பார்த்துச் சொல்லு என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, வெயில் படுற பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் நீலம், கீழே தரையில ஊதா என்றான். இம்ப்ரெஷனிஸ்டுகள் நிழலுக்கு நீலமும் ஊதாவும் போட்டதும் இதனால்தான், வெட்டவெளியில் வெயில் மறைகிற இடத்தில் வானத்தின் நீலம் வந்து விழும். அப்படியும் அடர்த்தி போதவில்லை என்றால் அல்ட்ராமரின் நீலத்தோடு பிரவுன் கலந்தால் போதும்.

சின்னப் பிள்ளைகளோடு பெரிய தொல்லை, எல்லாக் கலரையும் ஒன்றாகக் குழப்பிச் சேறாக்கிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு பிரஷ் (ஒன்று மஞ்சள், ஆரஞ்சுக்கு, மற்றது நீலம், ஊதாவுக்கு), துடைக்கப் பழைய துணி, வைத்த தீற்றலை மறுபடி தேய்க்கக்கூடாது என்ற ஒரே சட்டம். இவ்வளவிலேயே பாதி சரியாகிவிட்டது. காது பட்ஸால் புள்ளி வைப்பதையும் இம்ப்ரெஷனிஸம் என்று வீடியோ போடுகிறார்கள், அது சூரா என்ற பிரெஞ்சு ஓவியரின் வழி, 1880களில் அப்புறமாக வந்தது. ஜாலியாக இருக்கும், ஆனால் வேறு விளையாட்டு.

படங்களைப் பார்த்த ஒரு அம்மாவுக்குத் திருப்தியில்லை, அவுட்லைனே இல்லையே, முடிக்காத மாதிரி இருக்கே என்றார். 1874இல் பாரிஸில் மோனேயின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்ற படத்தைப் பார்த்த லூயி லெருவா என்ற விமர்சகர், பாதியில் நிற்கிற வால்பேப்பர்கூட இதைவிட முழுசாக இருக்கும் என்று நக்கலடித்ததையும், அந்தப் படத்தின் பேரை வைத்து அவர் கிண்டலடித்ததுதான் இவர்களுக்கு இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பட்டமாக நிலைத்ததையும் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க மிஸ், ஸ்கூல் டிராயிங் போட்டிக்கு இது செல்லுமா?"

செல்லாது என்று சொல்லிவிட்டேன்.